எடுக்காத பித்தப்பை

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கா?" என்று நர்ஸ் கேட்டபோது மணி ஒன்பதேகால்.

கேள்வி, கட்டிலில் முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு கிடந்தவளுக்கு. அவள் கண்ணைத் திறந்து முதலில் கணவனைப் பார்த்தாள். பிறகு, அவனுக்குப் பின்னால் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்ற மாமியாரைப் பார்த்தாள்.

"பித்தப்பை," என்றாள். "ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்தாங்க."

நர்ஸ் படிவத்தில் எழுதிக்கொண்டாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

பித்தப்பையை யாரும் எடுக்கவில்லை. அது அவள் ஈரலுக்கு அடியில் பிறந்த நாள் முதல் இருக்கிற இடத்திலேயே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வெளியூர் ஆஸ்பத்திரியில் நடந்தது வேறு. அவளுடைய இரைப்பையைக் கோழிமுட்டை அளவுக்குப் பிரித்துத் தைத்தார்கள். சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து அந்த முட்டையோடு இணைத்தார்கள். எடை குறைவதற்கான ஆபரேஷன். நூற்றியெட்டுக் கிலோவில் உள்ளே போனவள், ஒன்றரை வருஷத்தில் அறுபத்துமூன்றுக்கு வந்தாள். வயிற்றில் அஞ்சு சின்னத் தழும்பு. பித்தப்பை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும் என்பதால் அந்தப் பொய் வசதியாக அமைந்தது.

பொய் வேண்டியிருந்தது அவனுடைய அம்மாவுக்காக. அம்மாவுக்கு மனசு சுத்தம், வாய்தான் அப்படி. கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம், "பார்த்து வாம்மா, நிலையை இடிச்சுடாதே, நம்ம வீட்டுதுதான்" என்பாள். வந்திருக்கும் விருந்தாளிகள் சிரிப்பார்கள். மருமகளும் சிரிப்பாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

எடை இறங்க இறங்க அம்மாவின் பேச்சும் திசை திரும்பியது. "என் மருமக வைராக்கியம் யாருக்கு வரும்? வாயைக் கட்டினா, நடந்தா, அவ்வளவுதான். ஒரு மாத்திரை கிடையாது" என்று அடுக்குமாடி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அதைக் கேட்டு, காலையில் மருமகளோடு நடக்க நாலு பெண்கள் வந்தார்கள். நாலு பத்தாகி, பத்து இருபத்திரண்டானது. அவளுக்கு 'நடைத் தலைவி' என்று பேரும் வைத்தார்கள். அவள் வேலை பார்த்த தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் ஸ்டாம்ப் வாங்க வருகிறவர்கள்கூட, "என்ன சாப்பிடுறீங்க மேடம், கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று நின்றார்கள். அவள் ஒரு பட்டியலே வைத்திருந்தாள். அவ்வளவு தூரம் போனபிறகு பின்னால் வரமுடியவில்லை.

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுதுன்னா, நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். அவனுடைய கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

அந்த வெளியூர் சர்ஜன், வீட்டுக்கு அனுப்பும்போது அவர்கள் இருவரையும் உட்காரவைத்து ஒன்று சொன்னார். "உடம்பு இளைக்க இளைக்க, உள்ள குடல் மடிப்புகளுக்கு நடுவுல இடைவெளி விழும். அதுக்குள்ள குடல் நழுவி முறுக்கிக்கலாம். நூத்துல ரெண்டு மூணு பேருக்கு வரும். திடீர்னு தாங்க முடியாத வலி வந்தா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இந்த ஆபரேஷனைச் சொல்லுங்க." ஒரு அட்டையிலும் எழுதிக் கொடுத்தார். அட்டையை அவள் ரயிலில் கிழித்துப் போட்டாள். சொன்னது அவனுக்கு வரி பிசகாமல் நினைவிருந்தது.

அவன் நில அளவைத் துறையில் சர்வேயர். எதையும் எழுதி வைத்து வேலை செய்கிற ஆள். இன்றைக்கு எழுதப்பட்டது தப்பு என்று தெரிந்தே நின்றுகொண்டிருந்தான்.

அம்மா கொஞ்சம் நகர்ந்தால் டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான்.

"அம்மா, போய் ஒரு காபி குடிச்சிட்டு வாயேன். காலைலேர்ந்து வெறும் வயிறு உனக்கு."

"நீ போய்க் குடி. எம் பொண்ணு இப்படித் துடிக்கிறப்ப எனக்குக் காபி ஒண்ணுதான் கேடு."

இப்போதெல்லாம் அம்மா 'எம் பொண்ணு' என்றுதான் சொல்கிறாள்.

ஒருமுறை அவன், அவளை முதலில் பரிசோதித்த இளம் டாக்டரைத் தேடிப் போனான். டாக்டர் தோளில் போனை இடுக்கிக்கொண்டு யாருக்கோ ரத்த குரூப் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் காத்து நின்றான். போனை வைத்து, "சொல்லுங்க" என்று அவர் நிமிர்ந்தபோது பின்னால் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. "டாக்டர், ஸ்கேனுக்கு எப்பக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினான்.

அதற்குள் தனக்குத் தானே ஒரு சமாதானமும் செய்துகொண்டிருந்தான். ஸ்கேன் எடுக்கப்போகிறார்கள். ஸ்கேனுக்குத் தெரியாதது எது? வெட்டினது, தைச்சது எல்லாம் படத்தில் வந்துவிடும். நாம் வாயால் சொல்லவேண்டியதே இல்லை. டாக்டர்கள் விஷயம் தெரிந்தவர்கள், பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே சக்கரக் கட்டில் இரண்டு. ஒன்றில் அவன் மனைவி. மற்றதில் ஒல்லியாக, நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. ஏதோ ஹாஸ்டலில் சமையல் வேலை. தனியாக வந்திருந்தாள், கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் சீப்பும் போனும்.

"எனக்கும் வயித்துவலிதான்," என்று அவளாகவே அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள். "முந்நூறு பேருக்கு ஆக்கிப்போடுறேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. ருசி பார்த்தவளுக்கு வந்திருக்கு."

"முன்னாடி ஆபரேஷன் ஏதும் பண்ணியிருக்கீங்களா?" என்றாள் அம்மா, நர்ஸின் கேள்வியை இரவல் வாங்கி.

"பண்ணினாங்க, எட்டு வருஷம் முன்னாடி. என்னவோ எடுத்தாங்க. எடுத்ததைக் காட்டினாங்க, நான் கண்ணை மூடிக்கிட்டேன். இப்பப் படிவத்துல என்ன எழுதுறதுன்னு அந்த நர்ஸம்மா முழிக்குது. 'பழைய ஆபரேஷன், விவரம் தெரியாது'ன்னு எழுதிடுச்சு." சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது என்று இடது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு வலி தொப்புளுக்கு மேலே தொடங்கி முதுகுவரை போனது. அலையலையாக இல்லை, விடாமல்.

முதலில் அவளைத்தான் உள்ளே கூட்டிப்போனார்கள். கட்டிலிலிருந்து மேசைக்கு மாற்ற அவனும் கைகொடுத்தான். அம்மா வெளியே நின்றாள். கதவு மூடியிருந்தது. அறைக்குள் அவன், அவள், கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த டெக்னீஷியன், அவ்வளவுதான்.

"மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும் மேடம். யூரின் போயிட்ட மாதிரி இருக்கும். போயிருக்காது, பயப்படாதீங்க." டெக்னீஷியன் படிவத்தைப் புரட்டினான். "பித்தப்பை எடுத்தாச்சு. வேற ஆபரேஷன் கிடையாது. சரிதானே சார்?"

அவனைத்தான் கேட்டான். மேசையில் கிடந்தவள் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் உள்ளே இறங்கியது.

"சரி," என்றான்.

மதியம் ஒரு மணிக்கு, பெண்கள் வார்டில், இளம் டாக்டர் முகம் தெளிந்து வந்தார்.

"பயப்பட ஒண்ணுமில்லை. பெருங்குடலோட வெளிப்பக்கம் சின்னச் சின்னதாக் கொழுப்புத் துண்டு தொங்கும், எல்லாருக்கும் இருக்கறதுதான். அதுல ஒண்ணு முறுக்கிக்கிட்டு வீங்கியிருக்கு. அபூர்வமா வர்ற கேஸ். ஸ்கேன் இல்லாத காலத்துல இதுக்கெல்லாம் வயித்தைக் கிழிச்சிருப்பாங்க. கத்தியே வேண்டாம். வலிக்கு ஊசி போட்டா நாலஞ்சு நாள்ல தானா அடங்கிடும்."

"கும்பிடுறேன் சாமி," என்றாள் அம்மா.

அவன் கொஞ்சம் தயங்கி, "ஸ்கேன்ல வேற ஏதும் தெரிஞ்சுதா டாக்டர்?" என்று கேட்டான்.

"வேற எல்லாம் க்ளீன்."

டாக்டரின் பார்வை ஒரு கணம் அம்மாவின் தலைக்கு மேலே போய்வந்தது. அங்கே சுவரில் கடிகாரம் இருந்தது. அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார், தைத்த இரைப்பையை, ஒட்டுப்போட்ட குடலை, எல்லாவற்றையும். மாமியார் நிற்கிறாள் என்று நாசூக்காக மூடி மறைக்கிறார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டான். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனமாதிரி இருந்தது. கேன்டீனில் போய் இரண்டு இட்லி தின்றான்.

ஊசி போட்டும் வலி அடங்கவில்லை. மந்தமானது, அவ்வளவுதான். "முதுகுக்குள்ள யாரோ கயிறு போட்டு இழுக்குற மாதிரி இருக்குங்க," என்றாள். வார்டு நர்ஸ் வந்து வயிற்றை அழுத்தினாள். "மெத்துன்னுதானே இருக்கு. சிலபேருக்குத் தாங்குற சக்தி கம்மி."

அம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "யாருக்கு? என் மருமகளுக்கா? நாப்பத்தஞ்சு கிலோவை மனசால இறக்கினவம்மா அவ. அவ வலின்னா வலிதான்."

கட்டிலில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எதிர்க் கட்டிலில் சமையல்காரம்மாவைச் சுற்றி வேறு கூத்து. இந்த ஆஸ்பத்திரியின் சர்ஜன் வந்திருந்தார். பெரிய கண்ணாடி, பெரிய கை. கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அந்த அம்மாவின் வயிற்றை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தார்.

"வலி இங்கதானா? வேற எங்கயும் இல்லையா?"

"ஒரு விரல் வைக்கிற இடம்தான் டாக்டர். இந்தா, இங்க."

"ஏம்மா, சிரிச்சுப் பேசிட்டு உட்கார்ந்திருக்கீங்க. உங்க குடல் முறுக்கிக்கிட்டிருக்குன்னு ரிப்போர்ட் சொல்லுது. உடனே திறக்கணும்."

"ரிப்போர்ட்டுக்கு வலிச்சா நான் என்ன பண்றது டாக்டர்?"

பக்கத்துக் கட்டில்களில் சிரித்தார்கள். சர்ஜன் சிரிக்கவில்லை. மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணிக்கிட்டது உங்களுக்கே ஞாபகம் இல்லையா?"

"அதான் கண்ணை மூடிக்கிட்டேன்னேனே. இதோ பாருங்க, எந் தம்பி லாரியில வந்துட்டிருக்கான். அவன் வராம என் வயித்துல கத்தி வைக்க விடமாட்டேன். செத்தாலும் அவன் வந்தப்புறம்தான்."

சர்ஜன் தலையைச் சொறிந்துகொண்டு போனார். இதையெல்லாம் அவன் நாலு அடி தூரத்தில், நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பாவம், அந்த அம்மா என்று நினைத்தான்.

நாலரை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று காகிதங்களைக் கொடுத்தார்கள். அம்மா பிளாஸ்க், துண்டு, செருப்பு என்று பையில் அடுக்கத் தொடங்கினாள். மருமகள் எழுந்து உட்கார முயன்று, முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தாள். நெற்றி வேர்த்திருந்தது, கை சில்லென்று இருந்தது. "வீட்டுக்குப் போய்ப் படுத்தா சரியாயிடும்," என்று அவளே சொன்னாள்.

நர்ஸ் மேசையருகே நின்றபடி அவன் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்தான். காகிதம் கையில் வந்தால் படிக்காமல் இருக்க அவனால் முடியாது. மேலே அவள் பெயர், வயது. கீழே ஈரல், சீராக உள்ளது. மண்ணீரல், சீராக உள்ளது. இரைப்பை, சீராக உள்ளது.

அங்கேயே நின்றுவிட்டான். எப்படிச் சீராக இருக்கும்? மரியாதைக்காக இதையுமா மறைப்பார்கள்?

அடுத்த வரி: பித்தப்பை இல்லை. அது அகற்றப்பட்ட இடத்தில் உலோக கிளிப்புகள் தெரிகின்றன.

அவன் அதை இன்னொரு தரம் படித்தான். ஒரு பொய்க்கு ஒத்துப்போக வாய் பேசலாம், முகம் நடிக்கலாம். படத்தில் கிளிப் எப்படி முளைக்கும்?

இது அவளுடைய வயிறு இல்லை.

அவன் காகிதத்தை நர்ஸிடம் நீட்டினான். "சிஸ்டர், இந்த ரிப்போர்ட் இவளோடது இல்ல. டாக்டரைக் கூப்பிடுங்க."

"பேர் போட்டிருக்கே சார்."

"பேர் அவளோடதுதான். படம் அவளோடது இல்ல."

"அதை எப்படி சார் நீங்க சொல்லுவீங்க? நீங்க டாக்டரா? பித்தப்பை எடுத்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க, அதேதானே வந்திருக்கு?"

அம்மா துண்டை மடித்தபடியே திரும்பினாள். "என்னடா, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

"அவளுக்குப் பித்தப்பை இருக்கு," என்றான்.

"அதைத்தான் எடுத்தாச்சே?"

"எடுக்கலம்மா."

கட்டிலில் இருந்து, "என்னங்க," என்று ஒரு குரல் வந்தது. வேண்டாம் என்று சொல்கிற குரல். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருக்கமாட்டான்.

"எடை குறைக்க ஆபரேஷன் பண்ணினோம் சிஸ்டர். இரைப்பையைச் சின்னதாக்கி, குடலை வெட்டி ஒட்டுப்போட்டிருக்கு. பித்தப்பைன்னு சொன்னது பொய். டாக்டரைக் கூப்பிடுங்க."

நர்ஸ் போனை எடுத்தாள். அவன் காத்திருக்காமல் காகிதத்தோடு ஓடினான். எதிர்க் கட்டிலைத் தாண்டும்போது சமையல்காரம்மா, "தம்பி, செருப்பு கழண்டு போச்சு பாருங்க," என்று கூப்பிட்டது காதில் விழுந்தது.

ஸ்கேன் டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். இருட்டறையில் மூன்று திரைகளுக்கு முன்னால், போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் சொன்னதை நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். பிறகு ஒரு படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள். அவள் கை மவுஸை உருட்ட, வயிறு மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக ஓடியது.

"இதுவா?" என்று கேட்டாள். "முட்டை மாதிரி இரைப்பை. இந்த வெள்ளைப் புள்ளி வரிசை, தையல். இது பித்தப்பை. இதுதானே உங்க மனைவி?"

"எனக்குப் படம் தெரியாது மேடம். நீங்க சொல்றதெல்லாம் அவளுக்குப் பண்ணினதுதான்."

அவள் டெக்னீஷியனைப் பார்த்தாள். அவன் சுவரோரம் நின்றிருந்தான்.

"போன வாரம் இங்க ஒரு தடவை பேர் மாறிப்போச்சு," என்றாள், மறுபடி கணவனிடம் திரும்பி. "முதல் ஆள் மேசையில இருக்கும்போதே அடுத்த ஆள் பேரை அடிச்சு வச்சுடுவாங்க, சீக்கிரம் முடியணும்னு. இன்னிக்கு முதல் படத்தைத் திறக்கிறேன். படிவத்துல பித்தப்பை எடுத்தாச்சு, வேற ஆபரேஷன் இல்லை. படத்துல பித்தப்பை இருக்கு, வயிறெல்லாம் வெட்டித் தைச்சிருக்கு. ரெண்டாவது படம். படிவத்துல ஆபரேஷன், விவரம் தெரியாது. படத்துல பித்தப்பை ஒண்ணுதான் காணோம். நான் என்ன நினைப்பேன்? மறுபடியும் மாத்திட்டாங்கன்னு நினைச்சேன். ரெண்டு பேரும் ஒல்லி. பத்து வயசு வித்தியாசம் படத்துல தெரியாது."

"நான் மாத்தலைன்னு சொன்னேன் மேடம்," என்றான் டெக்னீஷியன்.

"சொன்ன. மூணாவது தடவை கேட்டப்ப 'இருக்கலாம் மேடம்'ன்ன."

"நீங்க அப்படிக் கேட்டா எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"அதனால நான் சரிபண்ணினேன்," என்றாள். சரிபண்ணினேன் என்ற சொல்லை மெதுவாகச் சொன்னாள். "இந்தப் பேரை அங்க, அந்தப் பேரை இங்க. ஒரு தடவை வார்டுக்குப் போய் ரெண்டு பேர் வயித்தையும் தொட்டுப் பார்த்திருக்கணும். வெளிய இன்னும் பதினாலு பேர் இருந்தாங்க. போகலை."

அவனுக்கு அது புரிந்தது. அவன் தொழிலிலும் தொடங்குகிற கல் தப்பான இடத்தில் நட்டிருந்தால், மீதி அளவையெல்லாம் துல்லியமாக இருக்கும், மொத்த வரைபடமும் அடுத்தவன் நிலத்தில் போய் விழும். அந்தக் கல்லை நட்டது அவன்.

ஸ்கேன் டாக்டர் ஒரு கையில் போனை எடுத்துச் சர்ஜனிடம் பேசினாள். மறு கை திரையில் ஓர் இடத்தில் நின்றது. குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் எல்லாம் ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து சுழன்றிருந்தன. ஈரத்துணியைப் பிழிந்த இடம் மாதிரி. படிக்கத் தெரியாதவன் கண்ணுக்கும் அது தெரிந்தது.

"பதினொன்றரைக்கு எடுத்த படம்," என்று போனில் சொன்னாள். "அப்பக் குடலுக்கு ரத்தம் போயிட்டிருந்தது. ஆமா, மங்கலா, ஆனா போயிட்டிருந்தது. இப்ப மணி அஞ்சாகப் போகுது."

போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். "வார்டுக்குப் போங்க. கையெழுத்து வாங்க ஆள் தேடுவாங்க," என்று மட்டும் சொன்னாள்.

வார்டுக்கு அவன் திரும்பியபோது சர்ஜனின் பெரிய கை அவள் வயிற்றின்மேல் இருந்தது. மதியம் மெத்தென்று இருந்த வயிறு பலகையாகியிருந்தது. கட்டிலின் சக்கரப் பூட்டை எடுத்துவிட்டார்கள். அம்மா கட்டிலோடு ஓடினாள். ஓடியபடியே மருமகளின் நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்தாள். எதுவும் கேட்கவில்லை. மருமகள் முகத்தை மறுபக்கம் திருப்பியிருந்தாள்.

எட்டேகாலுக்குச் சர்ஜன் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பின்னால ஒரு இடைவெளி. முக்கால்வாசிச் சிறுகுடல் அது வழியா நழுவி முறுக்கிக்கிச்சு. பிரிச்சுவிட்டோம். நிறம் திரும்பலை. கறுத்தது அத்தனையும் எடுத்தாச்சு. சந்தேகமா இருக்கிறதை விட்டு வச்சிருக்கேன். வயித்தைத் தைக்கலை, மூடி மட்டும் வச்சிருக்கு. நாளன்னிக்குக் காலையில மறுபடி பார்க்கணும்."

"மதியமே பண்ணியிருந்தா?" என்று கேட்டாள் அம்மா.

சர்ஜன் அவனை ஒரு பார்வை பார்த்தார். "மதியம் பண்ணியிருந்தா இதைக் கேட்க மாட்டீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் முழுக்க அவள் ஐ.சி.யூ.வில் தூக்கத்திலும் விழிப்பிலுமாகக் கிடந்தாள். வாயில் குழாய், மூக்கில் குழாய். சமையல்காரம்மா தம்பியோடு வீட்டுக்குப் போகுமுன் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று பார்த்தாள். அவளுக்குக் கத்தி வைக்கவே இல்லை. அம்மாவின் கையை அழுத்திவிட்டுப் போனாள்.

மாலையில் ஐந்து நிமிஷம் அவனை உள்ளே விட்டார்கள். அவள் விழித்திருந்தாள். விரல்களை எழுதுவது மாதிரி அசைத்தாள். நர்ஸ் ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். எழுத்து கோணல்மாணலாக வந்தது. தபால் ஆபீஸில் முத்துமுத்தாக எழுதுகிற கை.

அத்தை?

ஒரு சொல். பின்னால் ஒரு கேள்விக்குறி.

"தெரியாது," என்றான். "நீ மயக்கத்துல இருந்த. நான் சொன்னது நர்ஸ்கிட்ட மட்டும்தான். அம்மா அப்பத் தண்ணி பிடிக்கப் போயிருந்தா."

அவள் அவனையே பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பேனா விரலிலிருந்து நழுவியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் காலை பத்து மணிக்கு வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். விட்டு வைத்ததும் கறுத்துப்போயிருந்தது. எடுப்பதற்கு இருந்தது, எடுத்தபின் மிச்சம் வைப்பதற்கு இல்லை. மூடிவிட்டார்கள். மூன்றேகாலுக்கு அவள் போனாள்.

உடம்பைக் கொடுக்க நேரமாகும் என்றார்கள். கீழ்த்தளத்து நடையில், சாயம் போன இரண்டு நாற்காலியில் அவனும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மாடிப்படியைத் துடைத்துக்கொண்டு ஒருத்தி இறங்கி வந்தாள். துடைத்த ஈரம் காயட்டும் என்று இருவரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"அட்டையில என்னமோ எழுதினாளே," என்றாள் அம்மா. "கண்ணாடி வழியாப் பார்த்தேன்."

"தண்ணி கேட்டா."

"பொய் சொல்லாதடா."

அவன் படி துடைக்கிறவளைப் பார்த்தான்.

"என்னைப் பத்தித்தான் கேட்டிருப்பா. எனக்குத் தெரிஞ்சுதான்னு." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உசிரு போற வலியில கிடந்து, இந்தக் கிழவி என்ன சொல்லுவான்னு பயந்திருக்கா. நான் அவ்வளவு பொல்லாதவளாடா?"

இல்லம்மா என்று சொல்லவேண்டிய இடம் அது. மூன்று நாளாக எல்லோருக்கும் வேண்டியதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆமாம்," என்றான்.

அம்மா தலையை ஆட்டினாள். அடி வாங்கினமாதிரி இல்லை. கணக்கு ஒத்துப்போனமாதிரி ஆட்டினாள். துடைக்கிறவள் வாளியைத் தள்ளிக்கொண்டு நடையின் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள்.

"சரி," என்றாள் அம்மா. "அவ என்னைப் பார்த்துப் பயந்தா. ஸ்கேன் ரூம் உள்ள நான் இல்லையே. கதவைச் சாத்தியிருந்தாங்க, நான் வெளியதானே நின்னேன். நீ எதுக்குடா பயந்த?"

அவன் யோசித்தான். சும்மா தலைகுனிந்து இருக்கவில்லை, உண்மையாகவே யோசித்தான். மணிக்கட்டில் நாலு நகக்குறி காய்ந்து கறுத்திருந்தது. வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்று, கதவு திறந்து, யாரையோ இறக்கினார்கள்.

ஒருவன் காகிதக் கட்டோடு வந்து, அவளுடைய பேரைச் சொல்லி, யார் என்று கேட்டான். அவன் எழுந்து போனான். அம்மா பதிலுக்காக அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.